பிழையைப் படித்த உபாத்தியாயினி

இவ்விலக்கியப் பகுதியில் காவியங்களும் நாவல்களும் சிறுகதைகளும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவதே வழக்கம். நன்றாக எழுதியவர்களைப் பற்றி எழுதுவதில் ஒரு சுகம் உண்டு. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இன்று நாம் நேயர்கள் முன் வைக்கும் நூல், மிக மோசமாக எழுதியவர்களைப் பற்றியது. எழுத்துப் பிழையும் சொற்பிழையும் வாக்கியப் பிழையும் மலிந்து, மற்றோர் உபாத்தியாயராயின் இரண்டு வரி படித்துச் சிவப்பு மையால் கோடிட்டுத் தள்ளியிருக்கக்கூடிய ஏறத்தாழ நாலாயிரம் வியாசங்களை ஓர் அம்மையார் பொறுமையோடு படித்து, அவற்றிற் கண்டதை எழுதிவைத்தார். அவர் பெயர் மினா ஷானசி. 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' என்று பொருள்படும் 'எர்ரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்னும் அந்நூல் 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. உயர்தரப் பள்ளியிலும் கலாசாலையிலும் பயிலும் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிப்பது எவ்வாறு என்று அங்கே இன்று பேசுவோர் எவரும் அந்நூலைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கின்றது.

அமெரிக்க நூலுக்கும் மலாயாத் தமிழருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் கேட்கலாம். தோட்டத்துப் பள்ளியில் ஆறாண்டு பயின்று, பிறகு மலாய் போதனா மொழியாக உள்ள இடைநிலைப் பள்ளியிற் சேர்ந்து, அங்கே தமிழை ஒரு தனிப் பாடமாக, பல இடங்களில் பள்ளி நேரம் முடிந்த பின், களைத்த உடம்போடு எழுதிய பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தவர் அக்கேள்வியைக் கேட்க மாட்டார்.

முதலில் அந்நூல் பிறந்த இடத்தைச் சொல்லிவிடுவோம். நியூயார்க் நகரத்தின் சிட்டி காலேஜ் என்னும் கலாசாலை 1847-ஆம் ஆண்டில், சம்பளமின்றிக் கல்வி அளிக்கும் ஸ்தாபனமாகத் தோன்றியது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், கப்பலேறி வந்த ஏழை யூதர்களின் பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக அங்கே படித்து மேன்மை அடைந்தனர். ஆயினும் அக்கலாசாலை நிற்கும் இடமோ ஹார்லம் என்னும் கறுப்பர் பகுதி. கலாசாலையின் கோபுரம் ஹார்லத்துப் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிந்ததேயன்றி, அதன் வாசல் அவர்களிற் பெரும்பாலோர்க்குத் திறக்கவில்லை. 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கறுப்பர் இனத்து மாணாக்கரும் போர்ட்டோ ரிக்கோ மாணாக்கரும் கலாசாலையின் தெற்குப் பகுதியைக் கைப்பற்றிச் சுமார் இரண்டு வாரம் வைத்திருந்தனர். அதன் பயனாக 1970-ஆம் ஆண்டிலிருந்து, நகரத்தின் உயர்தரப் பள்ளி எதிலாயினும் தேறிய ஒவ்வொருவருக்கும் நகரச் சர்வகலாசாலையின் ஏதேனும் ஒரு கலாசாலையில் இடம் உண்டு என்று விதி ஏற்பட்டது. வாசல் திறந்தது. உள்ளே வந்தவர்கள் முதல் நாளில் எழுதிக் கொடுத்த வியாசங்களைக் கண்டு உபாத்தியாயர்கள் திடுக்கிட்டுப் போயினர். கலாசாலையின் தரம் கெட்டது என்று பத்திரிகைகள் புலம்பின. இவர்களைக் கல்வியால் திருத்த இயலாது என்று படித்தவர்களே சொன்னார்கள். இப்படிப்பட்ட பேச்சு நமக்குப் புதிதன்று.

ஷானசி அம்மையார் தெற்கு டக்கோட்டா மாகாணத்தில் லீட் என்னும் தங்கச் சுரங்க ஊரில் 1924-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1967-இல் சிட்டி காலேஜில் போதிக்க வந்தார். முதன்முதலில் அவ்வியாசங்களைக் கையில் எடுத்தபோது தமக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று அவர் மறைக்காமல் எழுதியிருக்கின்றார். திரும்பத் திரும்பப் படித்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், இந்தக் கடைசி நேரத்தில் இவர்களுக்குத் தாம் என்ன செய்ய முடியும் என்று கலங்கி உட்கார்ந்திருந்தாராம். அக்கலக்கத்திலிருந்து அவர் சென்ற வழியே இந்நூலின் பெருமை. மாணாக்கரைச் சோதிப்பதை விட்டுத் தாளைச் சோதிக்கத் தலைப்பட்டார். 1970 முதல் 1974 வரையில், வகுப்புப் பிரிப்பதற்காக எழுதி வாங்கப்பட்ட வியாசங்களைக் குவித்து வைத்துக்கொண்டு, இப்பிழை ஏன் நேர்ந்தது, இதை எழுதியவன் எதை எண்ணி இப்படி எழுதினான் என்று ஒவ்வொன்றாக வினவினார்.

இவ்வேலை தமிழருக்கு அந்நியமானதன்று. நம் பழந்தமிழ் நூல்களை ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் செய்த வேலை இதுவே. சுவடியில் பொருளற்ற சொல் ஒன்று வந்தால், எழுதியவனை மூடன் என்று ஏசி அவர்கள் சுவடியை வீசிவிடவில்லை. ஏட்டில் புள்ளி இடும் வழக்கம் இல்லாமையால் மெய் உயிர்மெய்யாக மயங்கியதா, குறிலும் நெடிலும் ஒரே வடிவில் எழுதப்பட்டதால் வந்த மயக்கமா, கேட்டு எழுதியவன் காதில் லகரமும் ளகரமும் ஒன்றாய் விழுந்தனவா என்று ஆராய்ந்தனர். பிழைக்கு ஒரு வழி உண்டு. அவ்வழியே பின்னோக்கி நடந்தால் சரியான சொல் அகப்படும் என்பது அவர்கள் கொள்கை. இறந்துபோன ஏடெழுதிக்கு நாம் காட்டிய அந்த மரியாதையை, உயிரோடு பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் காட்டினோமா?

அம்மையார் கண்டவற்றில் இரண்டொன்றைச் சொல்லுவோம். எழுதப் பழகாதவர்கள் முற்றுப்புள்ளி இடத் தயங்குகின்றனர் என்பது ஒன்று. நம்மிற் பலர் இதைக் கவனக்குறைவு என்போம். அம்மையாரோ வேறு காரணம் காண்கின்றார். எழுதிப் பழகியவனுக்கு வாக்கியம் முடிவது இளைப்பாறும் இடம். பழகாதவனுக்கு ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதே பெரும் பாடு. தொடங்கியதை முடித்துவிட்டால் அடுத்ததைப் புதிதாகத் தொடங்க வேண்டுமே என்ற அச்சத்தால் அவன் புள்ளியைத் தள்ளித் தள்ளிப் போடுகின்றான். மற்றொன்று, சொல்லீற்றுப் பிழைகள். வீட்டில் பேசும் ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் ஈற்றில் 'எஸ்' என்னும் எழுத்தை இடாத பிள்ளை, எழுதும்போது அதை விட்டுவிடுவதோடு நிற்பதில்லை. வேண்டாத இடத்திலும் கொண்டுபோய் ஒட்டுகின்றான். விட்டது அறியாமையால் வந்தது. ஒட்டியதோ, ஏதோ ஒரு விதி இருக்கின்றது என்று அவன் அறிந்துகொண்டதால் வந்தது. இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடு இடும் உபாத்தியாயர், இரண்டாமவன் ஒரு படி ஏறிவிட்டான் என்பதை அறியாமற் போகின்றார்.

இதைத் தமிழில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். நம் பிள்ளைகள் 'அவர்கள் வந்தாங்கள்' என்று எழுதுவதை எத்தனை முறை பார்த்திருக்கின்றோம்! பேச்சிலும் இல்லாத, எழுத்திலும் இல்லாத சொல் இது. எங்கிருந்து வந்தது? வீட்டில் 'நாங்க' என்பது புத்தகத்தில் 'நாங்கள்' என்று இருக்கின்றது. 'நீங்க' என்பது 'நீங்கள்' ஆகின்றது. 'மரங்க' என்பது 'மரங்கள்' ஆகின்றது. ஆகவே 'வந்தாங்க' என்பது 'வந்தாங்கள்' ஆக வேண்டும் என்று பிள்ளை தானே ஒரு விதி செய்துகொண்டது. விதி தவறு, விதி செய்த அறிவு தவறன்று. இப்பிள்ளைக்குப் பத்து முறை 'வந்தார்கள்' என்று எழுதும் தண்டனை கொடுப்பதால் 'வந்தார்கள்' ஒன்று திருந்தும். 'போனாங்கள்', 'சொன்னாங்கள்' அப்படியே நிற்கும். பேச்சில் பெயருக்கும் வினைக்கும் ஈறு ஒன்றுபோல் ஒலிக்கின்றது, எழுத்தில் வினைக்கு 'ஆர்கள்' என்று தனி ஈறு உண்டு என்று கால் மணி நேரம் எடுத்துச் சொன்னால் ஒரு கூட்டமே திருந்தும்.

இவ்வாறே ழகரமும். தமிழின் சிறப்பெழுத்து என்று ழகரத்தை நாம் மேடைதோறும் போற்றுகின்றோம். 'பழம்' என்பதைப் 'பலம்' என்று எழுதி அடிபட்ட பிள்ளை, பிறகு 'வலிமை' என்பதை 'வழிமை' என்றும், 'களைத்தான்' என்பதைக் 'கழைத்தான்' என்றும் எழுதத் தொடங்கும். பயந்தவன் கைக்கு மரியாதையான எழுத்தே முதலில் வருகின்றது. இன்னுமொன்று. 'மணி அடித்து நாங்கள் ஓடினோம்' என்று ஒரு பிள்ளை எழுதுகின்றது. 'செய்து' என்னும் எச்சம் தன் எழுவாயையே கொண்டு முடிய வேண்டும், ஆதலால் 'மணி அடித்ததும்' என்றிருக்க வேண்டும் என்று நாம் திருத்துகின்றோம். திருத்தம் சரிதான். ஆனால் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதை நம் இலக்கணமே ஒப்புகின்றதே! காரணமும் காரியமும் அடுத்து வருமிடத்தில் எழுவாய் வேறுபடலாம் என்ற அந்தச் சிறிய வாசலைக் கண்டுபிடித்து, அதன் வழியாகத்தான் பிள்ளை மணியையும் ஓட்டத்தையும் நுழைத்துவிட்டது. இதைக் காண்பதற்கு உபாத்தியாயருக்கும் இலக்கணம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். சிவப்புக் கோடு இடுவதற்கு அவ்வளவு வேண்டுவதில்லை.

நிற்க. பிழை விடுவது ஏழைப் பிள்ளைகளின் குணம் என்ற எண்ணம் உடையவர்களுக்கு வேறொரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஹார்வர்டு சர்வகலாசாலை, 1874-ஆம் ஆண்டில் பிரவேசப் பரீட்சையில் ஆங்கில வியாசம் ஒன்றைச் சேர்த்தது. உயர்ந்த பள்ளிகளில், பணம் கொடுத்துப் படித்துவந்த கனவான்களின் புதல்வர்கள் எழுதியவற்றைக் கண்டு அங்கிருந்த ஆசிரியர்களும் இதேபோல் தலையில் கை வைத்துக்கொண்டனர். அதன் விளைவாகவே முதலாண்டு மாணாக்கர் அனைவருக்கும் எழுத்துப் பயிற்சி கட்டாயமாயிற்று. இன்று அமெரிக்கக் கலாசாலைகள் தோறும் இருக்கும் எழுத்து வகுப்புக்கு அதுவே மூலம். பாரட் வெண்டல் என்னும் ஆசிரியர் தினந்தோறும் ஒரு சிறு வியாசம் எழுதும்படி மாணாக்கரைப் பழக்கினார். தினம் எழுதுவது நல்ல பழக்கமே. ஆயின் அக்குவியலைப் படித்துத் திருத்துவதிலேயே ஆசிரியர் கூட்டம் நைந்துபோயிற்று. 1892-ஆம் ஆண்டில் ஹார்வர்டின் மேற்பார்வையாளர் சபை அமைத்த ஒரு கமிட்டி இக்குறைகளை ஆராய்ந்து, குற்றம் கீழ்ப்பள்ளிகளுடையது என்று எழுதியது. கலாசாலை உயர்தரப் பள்ளியைக் கைகாட்டும். உயர்தரப் பள்ளி ஆரம்பப் பள்ளியைக் கைகாட்டும். ஆரம்பப் பள்ளி பெற்றோரைக் கைகாட்டும். நூற்றாண்டு கடந்தும் இக்கை தாழவில்லை. ஆனால் ஹார்வர்டு மாணாக்கரைப் பார்த்து, இவர்கள் கல்விக்கே தகுதியற்றவர்கள் என்று எவரும் சொல்லவில்லை என்பதை மட்டும் நேயர்கள் கவனிக்க வேண்டும். பிழை ஒன்றுதான், பிழைத்தவன் யார் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகின்றது.

ஷானசி அம்மையாரின் தீர்ப்பு எளிமையானது. இவர்கள் மந்தபுத்தி உடையவர்களோ சொல்லற்றவர்களோ அல்லர், தொடக்கக்காரர்கள். எத்தொழிலையும் தொடங்குகின்றவன் பிழை செய்தே கற்கின்றான். பால்மரம் சீவப் பழகும் புதிய ஆள் முதல் வாரத்தில் பட்டையை ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்திவிடுவான். மரத்துக்குக் கேடுதான்; ஆயினும் அதைக் கொண்டு அவனுக்குக் கையே இல்லை என்று எந்தத் தண்டலும் முடிவு செய்ததில்லை. பக்கத்தில் நின்று கத்தியைப் பிடிக்கும் கோணத்தைக் காட்டினார்கள்.

இந்நூலில் எமக்கு மிகவும் பிடித்த இடம், எழுத்தாளர்கள் எப்படி நடந்துகொள்கின்றார்கள் என்பதே தொடக்கக்காரனுக்குத் தெரியாது என்று அவர் சொல்லும் இடம். நன்றாக எழுதத் தெரிந்தவன் முதல் தடவையிலேயே சரியாக எழுதிவிடுகின்றான் என்று மாணாக்கன் நம்புகின்றான். அவன் கண்ணுக்கு அகப்படுவதெல்லாம் அச்சிட்ட பக்கம். அதற்குப் பின்னே கிழித்தெறிந்த தாள்கள், அடித்தெழுதிய வரிகள், பாதியில் விட்ட தொடக்கங்கள் எத்தனை என்பதை எவரும் அவனுக்குக் காட்டியதில்லை. ஆகவே தன் எழுத்தில் அடித்தல் வரும்போது அதைத் தன் மடமைக்குச் சாட்சியாகக் கொள்கின்றான். எழுத்து அவனுக்கு ஒரு பொறியாகிவிடுகின்றது. ஒன்றைச் சொல்வதற்கு வழியாக இருப்பதில்லை. எவ்வளவு குறைவாக எழுதுகின்றோமோ அவ்வளவு குறைவாகப் பிழை வரும் என்று கணக்கிட்டு, தெரிந்த சொற்களை மட்டும் வைத்து நான்கு வரியில் முடித்துக்கொள்கின்றான்.

நம் நாட்டில் இக்கணக்குக்கு வேறொரு விடை கண்டுபிடித்திருக்கின்றோம். அதுதான் மனப்பாடம். ஆறாமாண்டுப் பரீட்சையாகிய யூ.பி.எஸ்.ஆர். 2021-ஆம் ஆண்டில் நீக்கப்படும் வரையில் நம் தமிழ்ப்பள்ளிகளில் நடந்ததை நேயர்கள் அறிவார்கள். குடை பேசும், பேனா பேசும், பழைய காலணியும் தன் கதையைச் சொல்லும். குடை எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்தக் கடையில் தொங்கியது, எந்த எசமானனால் வாங்கப்பட்டுக் கடைசியில் எந்தக் குப்பைத் தொட்டியில் கண்ணீர் விட்டது என்பதெல்லாம் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். இடையில் ஒரு பழமொழி, ஓர் உவமைத்தொடர், ஓர் இரட்டைக்கிளவி. பரீட்சை போய்விட்டது, பழக்கம் போய்விட்டதா? இடைநிலைப் பள்ளியில் எஸ்.பி.எம். பரீட்சைக்கு எழுதும் பிள்ளைகளிடமும், சிங்கப்பூரில் தாய்மொழிப் பாடத்துக்கு எழுதும் பிள்ளைகளிடமும், அதே குடையின் சாயலைக் காண்கின்றோம். பிழை இல்லை, பிள்ளையும் இல்லை. தந்தை வேலை இழந்த வீட்டிலிருந்து வரும் மாணவி 'சிக்கனத்தின் அவசியம்' என்று எழுதும்போது, அவ்வீட்டில் மாதக் கடைசியில் அரிசி எப்படி அளக்கப்படுகின்றது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் அவ்வியாசத்தில் வராது. வந்தால் அதற்கு மதிப்பெண் உண்டோ இல்லையோ என்ற ஐயம் அவளுக்கு. அவள் உபாத்தியாயருக்கும் அதே ஐயம். உபாத்தியாயர்களைக் குறை சொல்வது எளிது. முப்பது நாற்பது நோட்டுப் புத்தகங்களும், அவற்றுக்கு மேல் எழுத வேண்டிய அறிக்கைகளும், ஆண்டு முடிவில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கும் மேலதிகாரிகளும் உள்ள ஒருவர், பிழை வராத பாதையைத் தேடுவதில் வியப்பொன்றும் இல்லை. மனப்பாடம் அவருக்கும் ஒரு பாதுகாப்பு.

இனி நூலின் குறைகளைச் சொல்ல வேண்டும். அம்மையார் எழுத்தில் மயங்கி அவற்றை மறைப்பது விமர்சனம் ஆகாது. எழுத்து வடிவும் நிறுத்தக்குறியும், பிறகு வாக்கிய அமைப்பு, பிறகு சொல்லீறு, பிறகு எழுத்துக்கூட்டல், பிறகு சொல்வளம் என்று அத்தியாயங்கள் செல்லுகின்றன. வாக்கியத்தைக் கடந்து முழு வியாசத்துக்கு வருவதற்குள் நூலின் பெரும்பகுதி கழிந்துவிடுகின்றது. இவ்வரிசையை அப்படியே வகுப்புக்கு எடுத்துச் செல்லும் உபாத்தியாயர், பிள்ளை எதைச் சொல்ல விரும்புகின்றான் என்று கேட்பதற்குள் ஆண்டை முடித்துவிடுவார். நூலாசிரியர் கருத்து அதுவன்று. ஆயினும் நூலின் அமைப்பு அதற்கு இடம் கொடுக்கின்றது. சீனாவில் ஷாங்காய் நகரில் வளர்ந்து அமெரிக்காவில் ஆசிரியையான மின்-ஜான் லூ என்னும் அம்மையார் 1991-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் எழுதிய கட்டுரைகளில் இதனினும் ஆழமான குறையை எடுத்துக்காட்டினார். மொழி என்பது பாத்திரம், கருத்து என்பது அதிலுள்ள நீர், பாத்திரத்தை மாற்றினால் நீர் மாறாது என்று ஷானசி எண்ணிவிட்டார் என்பது அவர் வாதம். வீட்டு மொழியை விட்டுக் கலாசாலை மொழிக்குள் போகின்றவன் சொல்லை மட்டுமா மாற்றிக்கொள்கின்றான்? தான் யார், யாரோடு சேர்ந்தவன் என்பதையும் அவன் மாற்றிக்கொள்ள நேர்கின்றது. அந்தப் போராட்டத்தையே அவன் எழுத்துக்குப் பொருளாக்க வேண்டும் என்றார் லூ.

இவ்வாதத்தில் உண்மை இருக்கின்றது. லயத்தில் பேசும் தமிழ், பள்ளியில் எழுதும் தமிழ், அலுவலகத்தில் வேண்டிய மலாய், உத்தியோகத்துக்கு வேண்டிய ஆங்கிலம் ஆகிய நான்குக்கும் நடுவே வளரும் நம் பிள்ளைக்கு இது கட்டுரைப் பொருள் மட்டுமன்று, அன்றாட வாழ்க்கை. ஆயினும் லூ அம்மையாரின் வாதத்தை ஒரு சாக்காகக் கொண்டு, பிழையைப் பற்றிப் பேசுவதே அடக்குமுறை என்று சொல்லும் கூட்டத்தோடு எமக்கு உடன்பாடில்லை. பிழை மலிந்த விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் பதில் வராமல் காத்திருப்பவன் ஏழைப் பிள்ளையே. அவனுக்காக வாதாடிய பேராசிரியர்கள் பிழையின்றி எழுதுகின்றார்கள். பிழை படிப்பவரின் பொறுமையைப் பறிக்கின்றது, பதிலுக்கு ஒன்றும் தருவதில்லை என்று ஷானசி சொன்னது கசப்பானாலும் உண்மை.

இவ்விரண்டையும் இணைத்துப் பாடத்திட்டம் வகுத்தவர்களும் உளர். பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் டேவிட் பார்த்தலோமியும் ஆந்தனி பெட்ராஸ்கியும் நடத்திய வகுப்பைப் பற்றி அவர்கள் 1986-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். எழுத்தில் பின்தங்கியவர்கள் என்று பிரிக்கப்பட்ட மாணாக்கருக்கே உரிய வகுப்பு அது. பால்யம் கடந்து வளரும் பருவத்தைப் பற்றி அவர்கள் முழு நூல்களைப் படித்தனர். அதே பொருளில் தத்தம் வாழ்க்கையை எழுதினர். அவ்வாறு எழுதியவற்றைத் திருத்தித் திருத்தி ஒரு புத்தகமாகத் தொகுத்து, பெரிய ஆராய்ச்சியாளர்களின் நூல்களோடு அதையும் வகுப்பில் பாடமாக வைத்தனர். தன் எழுத்தைப் பிறர் கையில் பாடப் புத்தகமாகக் கண்ட மாணாக்கன், அதில் ஒரு முற்றுப்புள்ளி விடுபட்டிருந்தால் தானே வெட்கப்பட்டுத் திருத்துவான். எவ்வளவு சிவப்பு மை மிச்சம்!

இலக்கணத்தைத் தனியே போதித்தால் எழுத்து திருந்தும் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. இதைப் பற்றி ஆராய்ச்சி சொல்வதை நேயர்கள் அறிவது நன்று. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராடக் என்பவரும் இருவரும் சேர்ந்து அதுகாறும் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து, வியாசப் பயிற்சிக்கு உரிய நேரத்தை இலக்கணப் பாடம் எடுத்துக்கொள்வதால் எழுத்துக்கு நன்மை இல்லை, தீமையும் உண்டாகலாம் என்று முடிவு கூறினர். 2007-இல் கிரகாம், பெரின் என்னும் இருவர் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலுள்ள மாணாக்கரைப் பற்றிய ஆராய்ச்சிகளைக் கணக்கிட்டபோதும், தனித்த இலக்கணப் பாடத்தின் பலன் எதிரிடையாகவே வந்தது. எழுதுவதற்கு முன் திட்டமிடவும், எழுதியதைத் திருத்தவும் வழிமுறை காட்டிக் கற்பித்தல், படித்ததைச் சுருக்கி எழுதப் பழக்குதல், மாணாக்கர் சேர்ந்து எழுதுதல் ஆகியவை முன்னணியில் நின்றன. நன்னூல் படித்தவர்கள் கோபிக்க வேண்டாம். இலக்கணம் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். உபாத்தியாயரின் கண்ணில் இலக்கணம் இருந்தால் பிள்ளையின் பிழை அவருக்கு விளங்கும். பிள்ளையின் தாளில் நேர்ந்த பிழையைச் சுட்டி அப்போதே சொன்ன விதி பிள்ளையின் மனத்தில் தங்கும். வெள்ளிக்கிழமைதோறும் ஒப்பிக்கும் சூத்திரம் சனிக்கிழமை எழுதும் கடிதத்துக்கு உதவவில்லை என்பதே கண்டது.

ஷானசி அம்மையார் 1975-ஆம் ஆண்டில் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவையும் இங்கே சொல்ல வேண்டும். மாணாக்கரின் வளர்ச்சியை அளக்க ஆயிரம் அளவுகோல் இருக்கின்றன; ஆசிரியரின் வளர்ச்சிக்கும் ஒன்று வேண்டாமா என்று கேட்டு, நான்கு படிகளை வகுத்தார். முதற்படியில் ஆசிரியர் கோபுரத்தைக் காவல் காக்கின்றார்; தகுதியற்றவர் உள்ளே வரலாகாது. இரண்டாம் படியில் பாதிரியாராகி அஞ்ஞானிகளை மதமாற்றம் செய்கின்றார். தம்மிடம் உள்ள ஞானத்தை ஊற்றுவார், ஏற்றுக்கொள்ளாதவன் மூடன். மூன்றாம் படியில் ஆழம் பார்க்கின்றார். தாம் எளிதென்று எண்ணிய காற்புள்ளி எவ்வளவு கடினமான பொருள் என்று அப்போதுதான் தெரிகின்றது. நான்காம் படியில் நீரில் குதிக்கின்றார். மாணாக்கனைப் பற்றிக் கற்கத் தாமே மாணாக்கர் ஆகின்றார். நம் ஊர்ப் பள்ளிகளில் எத்தனை பேர் எந்தப் படியில் நிற்கின்றனர் என்று நாம் எண்ணிச் சொல்லப் போவதில்லை. கோபுரக் காவலுக்கு மட்டும் ஆள் பஞ்சமில்லை.

கலாசாலை வாசல் நெடுங்காலம் திறந்திருக்கவில்லை. நகரத்துக்குப் பணமுடை நேர்ந்து, 1976-ஆம் ஆண்டில் சம்பளமில்லாக் கல்வி நின்றது. மறு ஆண்டு நூல் வெளிவந்தது. அதற்கு மறு ஆண்டு, 1978-இல், ஐம்பத்து நான்கு வயதில் ஷானசி அம்மையார் புற்றுநோயால் காலமானார். 1998-ஆம் ஆண்டில் நகரச் சர்வகலாசாலையின் தர்மகர்த்தர்கள், பின்தங்கியவர்களுக்கான வகுப்புகளை நான்காண்டுக் கலாசாலைகளிலிருந்து நீக்கிவிடத் தீர்மானித்தனர். சிட்டி காலேஜும் அவற்றுள் ஒன்று.

நம்மிடத்திலோ, கலாசாலை வாசலுக்குக் காத்திராமல் எழுத்துப் பயிற்சி நடந்த காலமும் உண்டு. 1950, 1951-ஆம் ஆண்டுகளில் 'தமிழ் நேசன்' பத்திரிகை வாயிலாக சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். பத்திரிகையே கரும்பலகை, தபாலே பள்ளிக்கூடம். தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்தவர்கள் எழுதி அனுப்பினர். சிறுகதைக்கு அன்று செய்ததை, இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளின் சாதாரண வியாசத்துக்கு இன்று ஒரு பத்திரிகை செய்வதற்குத் தடை என்ன? மலேசியாவின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் பள்ளியில் தாய்மொழி வகுப்பு ஏற்படுத்த இடமுண்டு. வகுப்பைக் கேட்டுப் பெறுவதில் நம் சங்கங்கள் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை, வகுப்புக்குள் என்ன நடக்கின்றது என்பதிலும் காட்டலாம்.

அதற்குப் பெரிய திட்டமும் மான்யமும் முதலில் தேவையில்லை. ஓர் உபாத்தியாயர் ஆண்டுத் தொடக்கத்தில், மதிப்பெண் இல்லை என்று சொல்லி, பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் செய்யட்டும். திருத்தாமல் வாங்கி வைக்கட்டும். மறு வாரம் ஒன்று, அதற்கு மறு வாரம் ஒன்று. பிறகு ஒரே பிள்ளையின் மூன்று தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கையில் சிவப்புப் பேனா இல்லாமல் படிக்கட்டும். இருபது பிழை என்று தோன்றியது மூன்று அல்லது நான்கு பிழைகளாகச் சுருங்கும். மற்றவையெல்லாம் அவற்றின் மறுபதிப்பு. அந்த நான்கில் எதை இவ்வாண்டு எடுத்துக்கொள்வது என்று அவர் அப்போது தீர்மானிக்கலாம்.